நீ முடிக்காமல் விட்ட நிரலைப் பற்றி

என் வாயாடி பாமாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் கம்ப்யூட்டரில் கை வைத்துவிட்டேன். கத்தாதே, முழுதும் கேள்.

காய்ச்சல் என்று உன்னை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போய், வெறும் உடலாக மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்து ஏழு மாதமாகிறது. அம்மா உன் மேசைப் பக்கமே வருவதில்லை.

பிரிஞ்சாங் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது உன் கூட்டாளி ஷாலினி பினாங்கிலிருந்து போன் செய்தாள். நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து உருவாக்கும் கம்ப்யூட்டர் மொழியில் உன் பங்கு மட்டும் பாதியில் நிற்கிறதாம். "வெளியிடுறதுக்குள்ள முடியலன்னா அத எடுத்துட்டு வேற ஆள் எழுதினத போடுவாங்க லா, அங்கிள்."

"கோப்புக்கு மேல இருக்கிற எம்பொண்ணு பேரு?"

"அதுவும் போயிடும் அங்கிள்."

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்திலேயே கணக்கில் கோட்டை விட்டவன், நானே முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நீ சிரித்திருப்பாய்.

நீ சொன்னது கொஞ்சம் ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை வந்தால் அது 'திற'வா, 'மூடு'வா, 'நிறுத்து'வா என்று பார்த்து அந்தந்த வேலைக்கு அனுப்ப வேண்டும். எதுவும் ஒத்துவராவிட்டால் 'மற்றவை' பக்கம் தள்ள வேண்டும். ஒவ்வொன்றோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் நேரமாகும். அதனால் வார்த்தையை முதலில் ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணுள்ள பெட்டிக்குள் மட்டும் தேடுவது உன் வழி. "ஆபிஸ்ல நீங்க கடுதாசி பிரிக்கிற மாதிரிதான்பா" என்றாய். தேயிலைத் தோட்டத்துக்கு வரும் கடிதங்களைத் தொழிலாளர் வீட்டு வரிசைப்படி, லயம் லயமாகப் பிரித்துக் கொடுக்கிறவனுக்கு வேறு எப்படிச் சொல்வது?

மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஷாலினி போனில் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டினேன். கடைசியில் ஓட்டிப் பார்த்தால், நீ எழுதி வைத்திருந்த சோதனைகள் எல்லாம் பச்சை, அத்தனையும் தேறிவிட்டது! அம்மாவைக் கூப்பிட்டேன். வந்து, உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

மறுநாள் ஷாலினி கூப்பிட்டாள். "அங்கிள், சம்பந்தமே இல்லாத வார்த்தை ஒண்ணு போட்டேன். 'நிறுத்து'ன்னு எடுத்துக்குது."

"எப்படிம்மா?"

"வேற வேற வார்த்தைக்கு ஒரே எண் வரும். பெட்டி சரியா இருந்தா போதும்னு உள்ள இருக்கறத அப்படியே எடுத்துக் குடுத்துடுறீங்க. வார்த்தையையும் ஒப்பிட்டுப் பாக்கணும்ல?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆபிஸிலும் அதைத்தானே செய்கிறேன்? ஐந்தாம் லயத்துக் கடிதங்களை மொத்தமாக முதல் வீட்டில் போட்டுவிட்டு வந்துவிடுவேன், அவர்களே பிரித்துக்கொள்ளட்டும் என்று. எனக்கு மேலே இருக்கும் கிராணி எத்தனை தடவை ஏசியிருக்கிறார்! முப்பது வருஷச் சோம்பேறித்தனம் உன் நிரலுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

திருத்தினேன். ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோனது. எல்லாம் சிவப்பு. மறுபடி திருத்தினேன், மறுபடியும் சிவப்பு.

"விடுங்க அங்கிள், குடுத்த நாள் முடிஞ்சிருச்சு" என்றாள் ஷாலினி. அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது. நேற்று உன்னுடையதை எடுத்துவிட்டார்கள்.

புதிதாக எழுதியவர் நல்ல மனிதர் போலிருக்கிறது. தன் கோப்பின் மேலே உன் பெயரையும் போடட்டுமா என்று ஷாலினி மூலம் என்னிடம் கேட்டனுப்பியிருக்கிறார். போடுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன். நீ என்ன சொல்லியிருப்பாய்? "நான் எழுதாததுல எம்பேரு எதுக்குப்பா?" என்றுதானே? அம்மாவைக் கேட்டேன். "அவ ஒத்துக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன் அடையாளக் கார்டையும் பதிவிலாகாவில் வாங்கிக்கொண்டார்கள். இனி உன் பெயர் எங்கேதான் இருக்கும், பாமா?

வேண்டாம் என்று நாளைக் காலையில் ஷாலினியிடம் சொல்லிவிடுவேன். இது சத்தியம். குரல் உடையாமல் சொல்வேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது.

உன்னைப் பெற்றதைத் தவிர வேறொன்றையும் உருப்படியாகச் செய்யாத,
உன் அப்பா