கடலுக்குப் போகும் போன்

நானா,

இன்றைக்குக் காலை கந்தளாயிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். "அன்ரி, நீங்கள் ஆரெண்டு தெரியாது. ரெண்டு கிழமையா ஒவ்வொரு நாளும் விடிய எனக்கு 'ஐஸ் இருக்கு, ஐஸ் இல்லை' எண்டு மெசேஜ் வருது. எங்கட வீட்டில பிரிட்ஜ் இருக்கு அன்ரி. எங்களுக்கு ஐஸ் வேண்டாம்" என்றாள்.

எண்ணைக் கேட்டேன். உங்களுடைய எண், தகவல் போய்ச் சேருகிறதா என்று பார்க்கப் பட்டியலில் போட்டது. நீங்கள் கண்மூடிய பிறகு அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பட்டியலிலிருந்து உங்களை எடுக்க மறந்துபோனேன் என்று அவளிடம் சொன்னேன். அது பொய். மறக்கவில்லை, எடுக்க மனம் வரவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டு எண்ணை அழித்தேன். அழித்த கையோடு இதை எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது.

துறைமுகத்துப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் நீங்கள் மெஷின் அறை, நான் கணக்கு எழுதும் கந்தோர். இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் அந்தக் கண்ணாடியில் தட்டி, "தங்கச்சி, இண்டைக்கு எங்கட மெஷினுக்கு சுகம். சனத்துக்குச் சொல்லுங்கோ" என்பீர்கள். நான் படகுக்காரருக்கு எஸ்.எம்.எஸ் அனுப்புவேன். இரவு கடலுக்குப் போனவர்கள் மீனோடு திரும்பும் நேரம் அது. ஐஸ் இருந்தால் நம் துறைக்கு வருவார்கள். இல்லையென்றால் கிண்ணியாப் பக்கம் திருப்ப வேண்டும். வெயில் ஏறிய பிறகு திரும்பிப் பயனில்லை, மீன் நொந்துவிடும்.

அனுப்பும் வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் வந்த கையேட்டை எழுத்தெழுத்தாக வாசித்தேன். தமிழில் எழுதினால் எழுபது எழுத்துக்கு மேல் போகும் தகவல் இரண்டாக உடையும் என்று கண்டுபிடித்தது நான். சில நாள் பின்பாதி முதலில் போய்ச் சேரும். "கிண்ணியாவுக்குப் போகவும்" என்று மட்டும் வாசித்துவிட்டு ஒருவர், "ஏன், அங்க ஆர் மவுத்து?" என்று சாவு வீடு விசாரிப்பதுபோலக் கேட்டதை நினைத்து நீங்கள் ஒரு மாதம் சிரித்தீர்கள்.

எண்ணுக்குப் பதிலாகத் தொழிற்சாலையின் பெயர் தெரியும்படி அனுப்பலாம் என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொன்னபோது எல்லாருக்கும் விருப்பம். நீங்கள் மட்டும் கேட்டீர்கள்: "பேருக்குத் திருப்பி மெசேஜ் போட ஏலுமா?"

"ஏலாது" என்றார்கள்.

"அப்ப வேண்டாம். சனத்துக்கு எங்கள ஏசுறதுக்கு ஒரு நம்பர் வேணும்."

இன்றைக்கும் எண்ணிலிருந்துதான் அனுப்புகிறேன். இன்றைக்கும் ஏசுகிறார்கள்.

பிறகு டச் போன் வந்தது. எல்லாரும் எண் தந்தார்கள். செயலியில் அனுப்பினால் தகவல் உடையாது, எவ்வளவு நீளமும் எழுதலாம், படமும் போடலாம், வாசித்தார்களா என்றும் தெரியும். எஸ்.எம்.எஸ்ஸை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் செயலிக்கு மாற்றினேன். நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "பழசையும் கொஞ்ச நாள் வெச்சிருங்களன்" என்றீர்கள். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். எண்ணுக்கு எண், வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலச் சரி. "பாருங்கோ நானா, எல்லாரும் வாசிச்சிட்டினம். இதுக்கு மேல என்ன வேணும்?"

"வாசிச்சது ஆரு?" என்றீர்கள்.

உங்களுக்குப் புதியது எதுவும் பிடிக்காது என்றேன். நீங்கள் மெஷின் அறைக்குப் போனீர்கள்.

கொம்பிரசர் உடைந்த அந்தக் காலை வந்தது. விடியும் முன்பே நீங்கள் என்னிடம் சொல்லிவிட்டீர்கள். நானும் உடனே அனுப்பினேன். ஐஸ் இல்லை, கிண்ணியாவுக்குத் திரும்பவும். நீலச் சரி வந்தது, ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனால் வெயில் ஏற ஏறப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நம் துறைக்கே வந்தன. பெட்டி நிறைய மீன், ஒரு துண்டு ஐஸ் இல்லை. உங்கள் சேர்ட்டைப் பிடித்து உலுக்கினார்கள். "மெஷின் பாக்கிறவன் நீதானே! ஒரு சொல்லுச் சொல்ல வாயில்லையா?"

நான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கத்தினேன். "எல்லாருக்கும் அனுப்பினனான்! நீங்கள் வாசிச்சிருக்கிறியள்!"

திரியாய் ஊர்க்காரர் ஒருவர், எங்களிடம் எப்போதும் கடைசியாக வருபவர், இடுப்பிலிருந்து ஒரு பொலித்தீன் பையை அவிழ்த்தார். உள்ளே ஒரு பட்டன் போன். "அக்கா, டச் போனை ஆர் உப்புத்தண்ணிக்குக் கொண்டுபோவான்? அது வீட்டில. மகள் பாத்திருப்பாள், பள்ளிக்கூடம் போக முதல்."

மற்றவர்களும் பைகளை எடுத்தார்கள். எல்லாம் பட்டன் போன்.

பின்னேரம் முதலாளி வந்து கேட்டபோது நான் வாய் திறக்கும் முன் நீங்கள் சொன்னீர்கள்: "மெஷின் என்ர பொறுப்பு. பிழையும் என்ர." மெஷின் பார்ப்பவர் நேரத்துக்கு அறிவிக்கவில்லை என்று அவர் எழுதிவைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமையே இரண்டு பேரும் கரை கரையாகப் போனோம். ஒவ்வொரு படகுக்கும் இரண்டு எண் வாங்கினோம், வீட்டில் இருப்பது ஒன்று, கடலுக்குப் போவது ஒன்று. வீட்டுக்கு நீளமாகச் செயலியில் அனுப்பலாம், நாளை எவ்வளவு ஐஸ், எத்தனை மணிக்கு என்று. கடலுக்கு எஸ்.எம்.எஸ் மட்டும். அதில் உங்கள் சட்டம் ஒன்று: "முதல் சொல்லுலயே விஷயம் முடியோணும். அவன் ஒரு கையால இன்ஜினப் புடிச்சுக்கொண்டு வாசிக்கிறான்." தமிழ் எழுத்துக் கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய போன்கள் சில இருந்தன. அவர்களுக்கு நீங்களே அழைப்பு எடுத்தீர்கள். அந்த வேலை முழுவதிலும், "நான் அண்டைக்கே சொன்னனான்" என்று ஒரு தரமாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும்.

போன மாதம் புது மனேஜர் வந்தார். முதலாளியின் மருமகன், கெட்டிக்காரர், மரியாதையான பிள்ளை. வந்த கிழமையே, "அன்ரி, எஸ்.எம்.எஸ்ஸை நிப்பாட்டுவம். எல்லாரிட்டையும் டச் போன் இருக்கு. செயலியில எல்லாம் வாசிச்சதாத்தான் காட்டுது" என்றார்.

"ஏலாது" என்றேன்.

"உங்களுக்குப் புதுசு பிடிக்காது போல."

நானா, நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடி உடையச் சிரித்திருப்பீர்கள். செயலியை இந்தத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்ததே நான் என்ற கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பழைய கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். "கொம்பிரசர் உடைஞ்ச நாள் படகெல்லாம் இங்க வந்தது மெஷின் பாக்கிறவர் அறிவிக்காததாலதானே? அப்ப எஸ்.எம்.எஸ்ஸுக்கும் அதுக்கும் என்ன?"

தாளில் அப்படித்தான் இருந்தது. அதை அப்படியே விட்டால் கடலுக்குப் போகும் தகவல் நின்றுபோகும். மறுக்க வேண்டுமென்றால் ஒரு வழிதான் இருந்தது.

சொன்னேன். நீங்கள் நேரத்துக்கு அறிவித்தீர்கள், வீட்டுப் போனுக்கு அனுப்பியது நான், நீலச் சரியை நம்பியது நான், நீங்கள் பழி ஏற்றபோது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான். இந்த வயதில் ஒரு பிள்ளையின் முன்னால் கதிரையில் இருந்துகொண்டு சொன்னேன். குரல் நடுங்கவில்லை. பிடிவாதத்துக்கு அந்த ஒரு பலன் உண்டு.

மனேஜர் கோப்பை மூடினார். "அப்ப அந்த நானாவில பிழையே இல்லையா?"

"இல்லை. அந்தத் தாளில எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதினார். வைத்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான், நானா. உங்கள் பெயர் சுத்தமாகிவிட்டது. நீங்கள் இருக்கும்போது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மெஷின் கழுவ ஒரு நாள் நிறுத்த வேண்டியிருந்தது. விடிய எழுந்து கடல் போன்களுக்கு, உங்கள் சட்டப்படி முதல் இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்து, எஸ்.எம்.எஸ் அனுப்பினேன்: "ஐஸ்இல்லை. கிண்ணியாவுக்குப் போகவும்." கட்டம் தெரியும் போன்களுக்கு மனேஜரே அழைப்பு எடுத்தார். பிறகு எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற அறிக்கையைப் பார்க்க அவர் கணினிக்குப் போகப் பார்த்தார். "அறிக்கை பிறகு. வாங்கோ" என்று துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

படகுகள் வரும் நேரம் வந்தது. தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றும் நம் பக்கம் முகம் காட்டி, தெற்கே கிண்ணியாப் பக்கம் திரும்பிப் போனது. வெயில் ஏறியது. துறையில் இரண்டு நாய், நாங்கள் இரண்டு பேர்.

"ஒருத்தரும் வரேல்லை, அன்ரி" என்றார் மனேஜர், மெதுவாக.

"ஓம்" என்றேன்.

வெறும் துறையை இவ்வளவு நேரம் நான் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.