கடைசிப் பாட்டுக்கு முன்னால்

4 நவம்பர், திங்கள்
மூடுபனி. துன் ஏரி இருந்த இடமே தெரியவில்லை. கார் பரிசோதனையில் தோற்றுவிட்டது. அடித்தட்டு முழுக்கத் துருவாம், திருத்திப் பயனில்லையாம். மாதம் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.
கொடுக்கலாம். உள்ளே சிக்கிக் கிடக்கும் சிடி?
வாங்க: பால், அம்மாவின் பிரஷர் குளிசை, கையுறை.

5 நவம்பர், செவ்வாய்
காலை வேலை. பேர்ண் முதியோர் இல்லம் போய்ச் சேரும்வரை வழக்கம்போல ஐந்து பாட்டு. மூன்றாவதில் பாடுகிறவன் இருமுகிறான். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நாலு ஜப்பான் பொடியன்கள், யாரோ ஒருவனின் அறையில் பதிந்த ஆரம்பகால ஆல்பம். பிறகு பெரிய ராக் குழுவாகி, இதைக் கைகழுவிவிட்டார்களாம். இணையத்தில் எங்கும் கிடையாது. என் ஜெரோமுக்கு, அவன் இங்கே சமையல்காரனாக இருந்த ஹோட்டலில் கூட வேலை செய்த ஜப்பான்காரர் கொடுத்தது.

காரில் போட்ட அன்றே சிக்கிக்கொண்டது. என்ஜினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் மறுபடி முதல் பாட்டிலிருந்து. ஜப்பானில் ஒசாகாவுக்கு இரண்டு வருட வேலைக்குப் போகுமுன் காரை என்னிடம் தந்துவிட்டுச் சொன்னான்: "கடைசிப் பாட்டை மட்டும் கேட்டிடாதை, ஷாலி. நான் வந்தாப்பிறகு ரெண்டு பேருமாக் கேப்பம்."

கேட்கவில்லை. தூரப் பயணமென்றால், கடைசிப் பாட்டுக்கு முன் எங்காவது ஒதுக்கிச் சாவியைத் திருப்பிவிடுவேன். அம்மாவின் கணக்கு வேறு. "ஒவ்வொருக்காலும் வழியில நிப்பாட்டுறாய். சலக்கடுப்போ பிள்ளை? டொக்டரிட்டக் காட்டு."
இதை அவனுக்கு எழுத வேண்டும்.

7 நவம்பர், வியாழன்
எழுதினேன். கார் போகப்போகிறது, கெதியாக வா என்று. விளையாட்டுப் போலத்தான். பார்த்துவிட்டான். பதில் இல்லை. வேலை நேரமாக இருக்கும்.
மத்தியானம் இல்லத்துச் சமையலறையில் வெங்காயம் வதக்கினார்கள். அவன் கைவிரல் மணம் அது. எவ்வளவு கழுவினாலும் போகாது. தள்ளுவண்டியோடு அங்கேயே நின்றுவிட்டேன். வேணும் எனக்கு, அந்தக் கை.

9 நவம்பர், சனி
பதில் வந்தது. அங்கே வேலையை நீட்டித்துவிட்டார்களாம். எவ்வளவு காலத்துக்கு என்று இல்லை. என்னை வா என்றும் இல்லை. கடைசி வரி: "இனி நீ அந்தக் கடைசிப் பாட்டைக் கேள், ஷாலி."
காத்திராதே என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. மரியாதை யாருக்கு வேண்டும்?
கட்டடத்துச் சலவை அறை இன்று எங்கள் முறை. விட்டால் பிறகு கிடைக்காது. தோய்த்தேன். அழுததும் அங்கேதான். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

16 நவம்பர், சனி
மழை. காரைக் கொடுக்க ஷ்லீரனுக்கு. அங்கே கராஜ் வைத்திருக்கும் செல்வன் அண்ணை உதிரிப்பாகங்களுக்காக எடுக்கிறார். அம்மாவும் கூட.
ஐந்தாவது பாட்டு. ஆறாவது. நெடுஞ்சாலை ஓய்வு நிலையம் வந்தது. சிக்னல் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன்.
"நிக்கேல்லையோ பிள்ளை?"
"இனித் தேவையில்லை அம்மா."
ஏன் நிற்பாட்டுவேன் என்று முழுவதும் சொன்னேன். செபமாலை கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தா.
"அவன் வரமாட்டானோ?"
"மாட்டான்."

கடைசிப் பாட்டு. கிற்றார் மட்டும். யாரும் பாடவில்லை. நடுவில் மழைச் சத்தம், எங்களுடையதோ அவர்களுடையதோ தெரியவில்லை. சின்னப் பாட்டு. முடிவில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம்.
"அவ்வளவுதானோ?" என்றா அம்மா.
"ஓம் அம்மா. அவ்வளவுதான்."
உடனே முதல் பாட்டு தானாகத் தொடங்கியது. அம்மாவின் விரல் வழக்கம்போல மடியில் தாளம் போட்டது.

கராஜில் செல்வன் அண்ணை: "சிடியைக் கழட்டித் தரட்டோ தங்கச்சி?"
"வேண்டாம் அண்ணை."
ஸ்டேஷன் வரை நடந்தோம். ரயில் வந்துகொண்டிருந்தது. அம்மாவை பிளாட்பார வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினேன். அண்ணை ஸ்குரூட்ரைவரை எடுத்தார். பிளேயரையே பிரித்துச் சிடியை எடுத்துத் தந்தார்.

இப்போது மேசையில். ஒரு கீறல்கூட இல்லை. வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றுமில்லை.