விழியில் இரண்டாவது படம்

நிலவுத் தளம், மருத்துவப் பிரிவு, ஓய்வறை 2
பதிவர்: கயல்வேந்தன், வயது பதினெட்டு

நாள் 1, 09:40
நிலவுவாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: என் மூக்கு, கண்ணாடி சுமக்கும் பணியிலிருந்து இன்று காலை ஓய்வு பெற்றது. மலர்வளையம் வேண்டாம்.

எனக்குப் பின் லேசரில் படுக்கப் போகிறவர்களுக்கு: முதலில் மரத்துப்போகச் சொட்டு மருந்து. இமையைக் கிளிப் பிடித்துக்கொள்ளும். கண்மூடித்தனத்துக்கு இடமே இல்லை. அழுத்தம். சில நொடி இருட்டு. பச்சைப் புள்ளியை மட்டும் பார். முடி கருகும் வாசனை. போன வாரம் எடுத்த கண் வரைபடத்தை லேசர் அச்சுப் பிசகாமல் விழியில் செதுக்கும். எனக்கு நாடித்துடிப்புகூட ஏறவில்லை. என் இரட்டைச் சகோதரன் நன்மாறனாக இருந்தால் மயங்கியிருப்பான். அவன் வண்டி எடுத்துக்கொண்டு பனிக்கட்டி தேடப் போயிருக்கிறான்.

நாள் 1, 15:05
விளக்குகளைச் சுற்றி வளையம். கூடவே இன்னொரு படம்: சாம்பல் நிறச் சரிவு, வண்டியின் கைப்பிடி.

டாக்டர் ஃபர்ஸானா, இன்டர்காமில்: "ரெட்டையா தெரியறது ரெண்டு நாள்ல போயிடும்ப்பா. கசக்காத. சொட்டு மருந்த விடு."

கண்ணை மூடினேன். சரிவு மறையவில்லை.

நாள் 2, 10:20
கட்டுப்பாட்டு அறை: "நன்மாறன் வண்டியோட சிக்னல் போயிருச்சு. மேற்குப் பள்ளத்துல தேடறோம்."

என் கண்ணில் வண்டி கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் இரட்டைக் கொம்புப் பாறை. அது கிழக்கில்! அவன் உடையின் காற்றளவு முள் சிவப்பில். சொன்னேன்.

"டேய், விளையாட இதுவா நேரம்? போன மாசம் சும்மா தீ அலாரம் அடிச்சவன்தானே நீ?"

நியாயமான கேள்வி.

நாள் 2, 10:52
நான் இமைத்தால் அந்தப் படம் மறைவதில்லை. அவன் இமைத்தால் மறைகிறது. காலையில் அடிக்கடி. இப்போது நிமிடத்துக்கு ஒருமுறை.

நாள் 2, 11:06
எல்லா அலைவரிசையிலும் அனுப்பியது:

"டாக்டர், இது விளையாட்டு இல்ல. கண் அளவெடுத்த அன்னிக்கு உங்க முன்னால உக்காந்தது நான் இல்ல, நன்மாறன். அவன் கண்ணத்தான் எனக்குள்ள செதுக்கியிருக்கீங்க. அதான் அவன் பாக்கறது எனக்குத் தெரியுது. கிழக்கே போங்க. அவன் இமைச்சு ஒம்பது நிமிஷமாச்சு. அளவெடுக்கறப்ப கண்ணுல ஊசி குத்துவாங்கன்னு யாரோ சொன்னாங்க, நான் கழிப்பறையில பூட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஊசியே இல்லடான்னு கதவத் தட்டிச் சொன்னான். சிரிக்கக்கூட இல்ல. அப்பவும் நான் தெறக்கல."