வர்ஷாவின் பொறுப்பில் விட்ட மாடு

அன்பு மகன் ராஜீவுக்கு அப்பா எழுதுவது.

ரெங்கசாமியின் மாட்டுக்கு வயிறு கெட்டுப்போனது உன் தங்கச்சியால் இல்லை, என்னால். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்ற நலமெல்லாம். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அடிலேய்டில் வெயில் கொளுத்துகிறதாம், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. இங்கே உன் அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, ஃபேரர் பார்க் வீட்டில் மின்தூக்கி பழுது பார்த்துவிட்டார்கள், பொங்கல் வியாபாரம் போன வருஷத்தைவிடத் தேவலை. வர்ஷாதான் நீ போனில் திட்டிய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மாட்டையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் எப்படி மாட்டு டாக்டர் ஆவாள், இந்த வருஷம் விண்ணப்பம் போட வேண்டாம் என்று சொன்னாயாம். அவள் உனக்கும் பதில் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்குப் பாதிக் கதைதான் வந்திருக்கிறது. குரல் செய்தி அனுப்பலாம் என்று பார்த்தால் நடுவில் உன் அம்மா புகுந்துவிடுவாள், கடையில் யாராவது மஞ்சள் கொத்து கேட்பார்கள், அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

நீதானே சொன்னாய், அந்தப் படிப்பு சிங்கப்பூரில் கிடையாது, உங்கள் ஊரில் மார்க் மட்டும் பார்த்து இடம் கொடுக்க மாட்டார்கள், மிருகங்களோடு பழகி வேலை செய்த அனுபவம் வேண்டும், அதுவும் நாய் பூனை மட்டும் இருந்தால் போதாது என்று. நாய்க்கும் பூனைக்கும் இங்கே தெருவுக்குத் தெரு மருத்துவமனை இருக்கிறது, அங்கே அவள் கூண்டு கழுவிப் பழகிவிட்டாள். மாட்டுக்கு எங்கே போவது? எருமை மாட்டின் பேரை வைத்த பஃபலோ ரோட்டில் கடை வைத்திருக்கிறேன், மருந்துக்குக்கூட ஒரு மாடு கிடையாது. எனக்குத் தெரிந்து கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் லிம் சூ காங்கில் பண்ணை வைத்திருக்கும் ரெங்கசாமிதான். போய்க் கேட்டதும், ஸ்கூல் பிள்ளையெல்லாம் வேணாம்ணே, வந்து போட்டோ புடிச்சுட்டுப் போயிரும் என்றார். நான் விடுவேனா, பொங்கலுக்கு நம் சந்தில் கடைக்காரர்கள் சேர்ந்து நிறுத்தும் மாடு இந்த வருஷம் உங்கள் பண்ணையிலிருந்துதான், வாடகை பேசித் தருவது என் பொறுப்பு, பதிலுக்குச் சனிக்கிழமைதோறும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பேசி முடித்தேன். அக்டோபரிலிருந்து ஒரு வாரம் தவறாமல் போனாள். முதல் மாதம் சாணி மட்டும்தான் அள்ளவிட்டார். அந்த பூட்ஸை வீட்டுக்குள் கொண்டுவந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று உன் அம்மா சண்டை போட்டு, அது இன்றுவரை கடை வேனின் பின்னால்தான் கிடக்கிறது. டிசம்பரில் ரெங்கசாமி எனக்குப் போன் போட்டு, பொண்ணு தேறிருச்சுண்ணே, செவலை இப்பல்லாம் என்னயவிட அதுகிட்டதான் நிக்குது என்றார். செவலை என்பது அவருடைய நல்ல கறவை. அந்த ஒரு வார்த்தைக்காக உன் தங்கச்சி அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

மாட்டுப் பொங்கலை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை செவலையைத்தான் நம் சந்துக்குக் கொண்டுவந்தார். கன்றுக்குட்டியையும் ஆடுகளையும் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு விழாவுக்குக் கொண்டுபோவதாக ஒப்புக்கொண்டிருந்ததால், கயிற்றை வர்ஷா கையில் கொடுத்து, ஆளுக்கு ஒரு பிடி புல்லு குடுக்கட்டும், பழம் ரெண்டு சீப்புக்கு மேல வேணாம், சோறு மட்டும் ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் மாட்டுக்காரர் எல்லாரும் சொல்லும் பேச்சு என்று விட்டுவிட்டேன். கடை வாசலில் வாழையிலைத் துண்டில் ஒரு பழம், ஒரு கட்டி வெல்லம், ஒரு கை சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தட்டுப் போட்டு விற்றேன். பொங்கலன்று மாட்டுக்கு ஒரு கை ஊட்டாத வீடு எது? அது புண்ணியம்தானே என்று நினைத்தேன். ஊரில் ஒரு வீட்டு மாட்டுக்கு அந்த வீட்டார் மட்டும் ஊட்டுவார்கள். இங்கே இருந்தது ஒரு மாடு, ஊட்ட வந்தது தேக்கா வட்டாரம் முழுக்க. இந்த வித்தியாசம் இத்தனை வருஷம் வியாபாரம் பார்த்த எனக்கு உறைக்கவில்லை.

அவளுக்கு உறைத்தது. அப்பா, போதும்ப்பா, சோறு அதுக்கு வயித்துல புளிச்சிரும் என்று வந்து சொன்னாள். சரி சரி என்றேன். மறுபடி வந்தாள். பிறகு வரிசையில் நின்றவர்களிடம் அவளே, சாரி ஆன்ட்டி, புல் மட்டும்தான் என்று சொல்ல ஆரம்பிக்க, நம் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு அம்மா, என்ன சேதுபதி, காசு குடுத்து தட்டு வாங்கினா ஒம் மக சாமிய கும்பிட விடமாட்டேங்குறா லா என்று சத்தம் போட்டுவிட்டது. நான் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லார் முன்னாலும் வர்ஷாவிடம், நீ கயிறைப் புடி, யாவாரத்த நான் பாத்துக்கிறேன் என்றேன். அவள் முகம் சிவந்துபோய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செவலை அதுபாட்டுக்குத் தின்றது, மாட்டுக்கு என்ன தெரியும், இனிப்பென்றால் தின்னும்.

பொழுது சாயும்போது மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பல்லை நறநறவென்று கடித்தது, இடது பக்கம் வயிறு உப்பியிருந்தது, காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. என்னைக் கேட்காமலே ரெங்கசாமிக்குப் போன் போட்டாள். அவர் லாரியோடு வந்து இறங்கி, வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, யாரு சோறு குடுத்தது என்று ஒரே கேள்விதான் கேட்டார். சுற்றிலும் கடைக்காரர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள். நான் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். இவள் தலையைக் குனியாமல், எங்கிட்டதான அங்கிள் விட்டுட்டுப் போனீங்க, நான்தான் தடுத்திருக்கணும் என்றாள். அப்பா விற்றார் என்று சொல்லவில்லை. அப்படின்னா இனிமே பண்ணைப் பக்கம் வராத என்று சொல்லிவிட்டு அவர் மாட்டை ஏற்றினார். நாலு பேர் முன்னால் பேச வேண்டாம், பிறகு தனியாகப் பேசிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டேன். நீ கேள்விப்பட்டது இந்த இடம் வரைதான்.

திங்கட்கிழமை காலை நான் கடை திறக்கும்போது ரெங்கசாமி போன் போட்டார். மாடு படுத்துவிட்டது, எழுப்பினால் எழவில்லை, டாக்டர் வந்திருக்கிறார். சோறு எவ்வளவு உள்ளே போனது என்று தெரிந்தால்தான் வைத்தியம் செய்ய முடியுமாம். கொஞ்சம் என்றால் சோடா உப்பும் மருந்தும் வாய்வழியாகக் கொடுத்துப் பார்க்கலாம், நிறைய என்றால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவ வேண்டும், அதிலும் கேட்காவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும், தப்பாகக் கணித்தால் மாடு போய்விடும். ஒங்க மககிட்ட கேட்டுச் சொல்லுங்கண்ணே, நாலஞ்சு கையா, அதுக்கும் மேலயா என்றார். வர்ஷா பள்ளிக்கூடத்தில் இருந்தாள், போன் அணைத்திருக்கும். எடுத்திருந்தாலும் அவளுக்கு எப்படித் தெரியும்? அண்டாவில் எவ்வளவு ஆக்கினோம், எவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். தெரியவில்லை என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் ரெங்கசாமி என் கடைப் படி மிதிக்க மாட்டார், சந்தில் என் பேர் கெடும், வர்ஷாவுக்கு அந்தப் பண்ணைக் கதவு நிரந்தரமாக மூடும். சொல்லாவிட்டால் மாடு சாகும், அவள் தன் பொறுப்பில் ஒரு மாட்டைக் கொன்றவளாக உன் ஊருக்குப் படிக்க வருவாள். கடையைச் சாத்தினேன். இருந்த சோடா உப்பு மூட்டையை ஏற்றினேன். வாயால் சொன்னால் குறைத்துச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு என்மேலேயே சந்தேகம், அதனால் பொங்கல் ஆக்கிய அண்டாவையும் வேனில் ஏற்றினேன்.

பண்ணையில் செவலை கழுத்தை மடக்கிப் படுத்துக் கிடந்தது. டாக்டர் சின்ன வயசுச் சீனப் பெண். அண்டாவை இறக்கி வைத்து, இது நிறைய இருந்தது, இந்த மட்டத்துக்குக் குறைந்தது, தரையில் சிந்திக் கிடந்தது சொற்பம், தட்டுப் போட்டு விற்றவன் நான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பெண் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தடித்த குழாயை எடுத்தது. ரெங்கசாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். யாவாரம் பண்ண ஒங்களுக்கு ஒரு தெருவே இருக்குண்ணே, எம்மாட்டு வாய்தான் கெடச்சுதா என்று மட்டும் கேட்டார். நான் தண்ணீர் தூக்கினேன், உப்புக் கரைத்தேன், குழாய் வழியே வெளியே வந்த புளித்த வாடையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மத்தியானத்துக்கு மேல் வர்ஷா பள்ளி உடுப்போடு கிராஞ்சியிலிருந்து பஸ் பிடித்து வந்து கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று ரெங்கசாமி சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டாக்டர்தான் அவளைப் பார்த்து, எப்போது அசை நின்றது, சாணம் எப்படி இருந்தது என்று கேட்டது. இவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். அந்தப் பெண் கதவைத் திறந்து அவள் கையில் வாளியைக் கொடுத்துவிட்டது. நல்ல மாடு ஒன்றின் வயிற்றிலிருந்து எடுத்த நீரை இதன் வயிற்றில் விட்டார்கள், அப்படியும் ஒரு வைத்தியம் இருக்கிறதாம், முட்டிபோட்டு உட்கார்ந்து செவலையின் தலையைப் பிடித்துக்கொண்டவள் இவள். உடுப்பெல்லாம் பாழ். திரும்பி வரும்போது வேனில் நான் பேச்செடுத்தேன். இப்ப வேணாம்ப்பா என்றாள்.

மறுநாள் முழுக்க மாடு எழவில்லை. கடையில் நான் யாருக்கு என்ன எடுத்துக் கொடுத்தேன் என்று தெரியாது, மஞ்சள்தூள் கேட்டவருக்கு மல்லித்தூளைக் கட்டினேன். வீட்டில் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சாப்பிட்டோம். புதன்கிழமை எழுந்து நின்றது. வியாழக்கிழமை ரெங்கசாமி ஒரு வீடியோ அனுப்பினார், ஒரு வார்த்தை எழுதவில்லை, செவலை அசைபோட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வர்ஷா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பால் இன்னும் பாதிகூடத் திரும்பவில்லை, குளம்பில் கோளாறு வராமல் இருக்கிறதா என்று சில வாரம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறது, ஆகவே முழுக்க நிம்மதி என்று சொல்ல மாட்டேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன் தம்பி. ஒருத்தர் தவறினால் உடனே கைகழுவுவது சுலபம், நானும் கடைப் பையன்களிடம் அப்படித்தான் இருந்திருக்கிறேன். ஆனால் கயிறு என் கையில் இருந்தது, ஆகவே பதிலும் என்னுடையது என்று வர்ஷா மாதிரி நிற்கிற ஆள் கிடைப்பது அபூர்வம். அவளுக்கு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்லாதே. நீ அவளைக் கூப்பிட்டுப் பேசு, மன்னிப்பைப் பொம்மைப் படமாக அனுப்பாமல் வாயால் கேள். உங்கள் வீட்டுப் பின்னறையை அவளுக்கென்று ஒழித்து வைப்பதாகச் சொன்னாயே, அந்தப் பேச்சை மாற்றாதே. மருமகளை ஸ்கேன் எடுக்கத் தள்ளிப்போடாமல் அழைத்துப்போ. வீரமாகாளியம்மன் உங்கள் இரண்டு பேரையும், வரப்போகும் உயிரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ எடுக்கிற காரியமெல்லாம் கைகூடட்டும்.

முக்கியமானது இது. நேற்று ரெங்கசாமியோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டோம். டாக்டர் செலவும், செவலை பழையபடி கறக்கும்வரை குறையும் பாலும் என் கணக்கு. அடுத்த பொங்கலுக்கு மாடு வரும், புல் தவிர எதுவும் அதன் வாய்க்குப் போகாது, காவலுக்கு நிற்பது நான், போதும் வீட்டுக்கு ஓட்டுங்கள் என்று சொல்லும் அதிகாரம் வர்ஷாவுக்கு. அவள் இன்று சனிக்கிழமையிலிருந்தே திரும்ப வரலாம், முதலில் கன்றுக்குட்டிகள் மட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். சான்று தரும்போது நல்லதை மட்டும் எழுதுங்கள் என்று நான் கேட்டேன். அவள்தான் குறுக்கே வந்து, நடந்ததும் அதில் இருக்கட்டும் அங்கிள், கேட்டாங்கன்னா நான் பதில் சொல்லிக்கிறேன் என்றாள், ரெங்கசாமியும் சரி என்றார், எனக்கு மனசில்லை, ஆனால் ஒப்புக்கொண்டேன். கடைசியாக அவள் எனக்கும் ஒரு நிபந்தனை போட்டாள். அவளுக்காக நான் இனி யாரிடமும் பேரம் பேசக் கூடாது, பண்ணைக் கதவுவரை கொண்டுவந்து விடலாம், அதற்கு மேல் ஒரு அடி உள்ளே வைக்கக் கூடாது, அவள் வேலை முடிந்து வரும்வரை வேனிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கை கொடுத்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு பெரிய கடிதம் எழுத எனக்கு நேரம் கிடைத்தது.

இப்படிக்கு,
லிம் சூ காங்கில் கதவுக்கு வெளியே, வேனிலிருந்து,
உன் அப்பா சேதுபதி