நகத்துப் பச்சை

மார்ச் 4

இன்றும் நின்றே முடிந்தது. துணிக்கடையில் மீட்டர் துணி வெட்டுகிறவள் உட்காரக் கூடாதாம். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். இடது பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து கிடக்கிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. சூப்பர்வைசர் — நாங்கள் வைத்த பேர் கழுகு — பார்த்துவிட்டு, "செருப்ப மாத்துங்கக்கா, சரியாயிடும்" என்றான். என் காலை ஒரு நாள் மாட்டிக்கொண்டு நிற்கட்டும், தெரியும்.

மார்ச் 9

கடை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். யூரிக் ஆசிட் சரியாக இருக்கிறதாம். "ஒண்ணுமில்லம்மா, வயசு." முடிந்தது கதை. ஒரு ஸ்டூல் கேட்டதற்குக் கழுகு எல்லார் முன்னாலும், "முதல்ல வியாதின்னு காட்டுங்க, அப்புறம் தர்றேன்" என்றான். பக்கத்து கவுன்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மார்ச் 10

நான் நடிக்கிறேனாம், கழுகு சொல்கிறான்! நடிக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன்டா இங்க வந்து துணி வெட்டறேன்?

மார்ச் 21

வேறு டாக்டர். மூட்டு டாக்டர். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் அளவு இறங்கிக்கூடக் காட்டுமாம். மூட்டில் அதன் உப்பு படிந்திருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். பிறகு, "குடிப்பீங்களா?"

கூட வந்த என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். முப்பது வருஷமாகக் குடிப்பது அவர், வீங்குவது என் கால். பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரையும் ஒரு காரணமாம், மாற்றிக் கொடுத்தார். வெளியே வந்ததும் இவர், "என் பாட்டில்ல எப்ப கை வெச்சே?" என்று கிண்டல். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஏப்ரல் 2

ஸ்கேன். வளையத்துக்குள் கால்கள், பிறகு கைகள். படமெடுக்கும் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். எலும்பு வெள்ளை, உப்பு படிந்த இடம் பச்சை. பெருவிரலின் அடிமூட்டில், கணுக்காலில், குதிகாலுக்கு மேலே தசைநாரில், முழங்கால் சில்லுக்குக் கீழே. வலதுகை ஆட்காட்டி விரலில்கூட — கத்தரி பிடிக்கிற விரல். அங்கே வலித்ததே இல்லை. எனக்குத் தெரியாமலே குடித்தனம் நடத்தியிருக்கிறது.

"நகத்துலயும் பச்சையா இருக்கே?"

"அது கணக்கில்லைங்கம்மா. மெஷின் நகத்தையும் உப்புன்னு நினைச்சுக்கும். நல்லா இருக்கறவங்களுக்கும் வரும்."

வீட்டுக்கு வந்து அழுதேன், சந்தோஷத்தில். நோய் இருக்கிறது என்று சந்தோஷப்படும் நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டார்களே, பாவிகள்.

ஏப்ரல் 4

படத்தையும் டாக்டர் எழுதியதையும் கழுகின் மேஜையில் போட்டேன். "எழுதினதை யாரு படிக்கறது, படமே போதும்" என்றான். பச்சையைப் பார்த்து முகம் மாறியது. ஸ்டூல் வந்தது. கூடவே நிபந்தனையும்: அடுத்த வருஷம் புதுப் படம் காட்ட வேண்டும், பச்சை போயிருந்தால் ஸ்டூலும் போய்விடும். அவன் அப்பன் வீட்டு ஸ்டூல் பாரு!

செப்டம்பர் 17

உப்பு கரைய டாக்டர் கொடுத்த மாத்திரையை ஆரம்பித்த பிறகும் மறுபடி வீங்கிவிட்டது. கரையும்போதும் கடித்துவிட்டுத்தான் போகுமாம். சனியன்.

மே 12

முதல் படம் எடுத்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்று இரண்டாவது. மூட்டெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. முழங்கால், விரல், எதிலும் ஒன்றுமில்லை. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஸ்டூல் போய்விடுமே என்றுதான் நினைப்பு. நாள் முழுக்க நின்றால் நல்ல காலும்தான் வலிக்கும். அதை எந்த மெஷினில் காட்டுவது?

மே 14

கழுகு புதுப் படத்தைக் கேட்டான். எல்லாவற்றையும் கொடுத்தேன், டாக்டர் எழுதியது உட்பட. அதைப் பிரிக்கவே இல்லை. படத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டான்.

"என்னக்கா, பத்து விரல் நுனியிலயும் பச்சையா இருக்கு?"

"ஆமா தம்பி, இருக்கு."

"வலிக்குதா?"

"சாயங்காலமானா கால் வலிக்கும்." பொய்யா? இல்லையே.

"அடப்பாவமே, நுனி வரைக்கும் ஏறிடுச்சே! சரி சரி, ஸ்டூல் இருக்கட்டும்."

மத்தியானம் கழுகு சாப்பிடப் போனதும் பக்கத்து கவுன்டர் பெண்ணைக் கூப்பிட்டேன். காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னால், "எனக்குத்தான் வியாதி இல்லையேக்கா" என்கிறாள்.

அவள் கால் நகங்களைப் பார்த்தேன்.

"உனக்கும் பச்சை இருக்குடி. உட்காரு."