வண்டி இரண்டு, ஸ்பிரிங் ஒன்று

6 மே 2025, செவ்வாய்

மெக்கானிக்ஸில் ஐம்பத்தைந்து.

மற்ற எல்லாப் பேப்பரிலும் எழுபதுக்கு மேல். எம்.எஸ்ஸி. சேர மெக்கானிக்ஸில் அறுபது கேட்கிறார்கள். ஐந்து மார்க் குறைகிறது, ஒரு வருடம் போகிறது. அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. நான் எழுதிய பேப்பர் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

உம்மா கேட்டார்: "பாஸ்தானளா? பொறவு என்னத்துக்கு மூஞ்சத் தூக்கிட்டு உக்காந்திருக்க?"

ஜோயா என் தோளுக்குப் பின்னாலிருந்து இந்த நோட்டை எட்டிப் பார்க்கிறாள். நன்றாகப் பார், தங்கச்சி. நீ இங்கிலீஷ் மீடியம். நான் தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். எனக்கு ஒரு வருடம் பின்னால் அதே கல்லூரியில் அதே பாடம் படிக்கிறாய், ஆனால் இதில் ஒரு எழுத்து உனக்குப் படிக்க வராது. தமிழில் எழுதுவதே அதற்காகத்தான்.

8 மே, வியாழன்

விடைத்தாளின் நகல் வாங்கிவிட்டேன். ஆறாவது கேள்வி, எட்டு மார்க். பெரிய முட்டை. அதைச் சுற்றி இன்னொரு வட்டம் வேறு!

கேள்வி இதுதான். சம எடையுள்ள இரண்டு வண்டிகள். ஒன்று நிற்கிறது, அதன் முன்னால் எடையில்லாத ஒரு ஸ்பிரிங். இன்னொன்று நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. மோதிய பிறகு எது என்ன வேகத்தில் போகும்?

எல்லாரும் ஒரு பக்கத்துக்குச் சமன்பாடு எழுதியிருப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஒரு ரயில் போவதாகவும் அதில் நான் உட்கார்ந்திருப்பதாகவும் வைத்துக்கொண்டேன். சயானிலிருந்து மாட்டுங்காவுக்கு வருகிற ஸ்லோ லோக்கல் சிக்னலுக்காக ஊர்ந்து போகுமே, அந்த மாதிரி. சீராகப் போகிற ரயிலுக்குள் இயக்க விதிகள் மாறாது. அங்கிருந்து பார்த்தால் ஒரு வண்டி இந்தப் பக்கமிருந்து இரண்டில் வருகிறது, மற்றது அந்தப் பக்கமிருந்து இரண்டில் வருகிறது. கண்ணாடியில் பார்ப்பது போல. ஒன்றுக்கு நடப்பதுதான் மற்றதற்கும் நடந்தாக வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தரும், ஆகவே இரண்டும் அதே வேகத்தில் திரும்பிப் போகும். இப்போது ரயிலிலிருந்து இறங்கு: வந்த வண்டி நின்றுவிட்டது, நின்ற வண்டி நான்கில் ஓடுகிறது. மொத்தம் இரண்டு வரி.

விடை சரி. சரியான விடைக்கு முட்டை!

ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். பேப்பர் திருத்தியவர் வைத்தீஸ்வரன் சார். மாட்டுங்காத் தமிழர், என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"ரெண்டு வரி எழுதினா ஆச்சாம்மா? ஸ்டெப்ஸ் எங்கே? ஸ்டெப்புக்குத்தானே மார்க்."

"இதுதான் சார் ஸ்டெப்."

"மாடல் ஆன்ஸர்ல இது இல்லையே." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதை எங்கேருந்து பார்த்து எழுதினே?"

வெளியே வந்ததும் நேராக ஆபீஸுக்குப் போய் மறுமதிப்பீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பதாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

9 மே

எங்கேருந்து பார்த்தேனா? என் தலைக்குள்ளேருந்து, சார்.

12 மே, திங்கள்

இன்று நான் செய்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

வாப்பாவின் கைப்பைப் பட்டறையில் தோல் வெட்டுகிற காலித் காக்கா ஊருக்குப் போயிருக்கிறார். நான் வெட்டித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். பைக்கு இடப்பக்கத் துண்டு ஒன்று, வலப்பக்கத் துண்டு ஒன்று. இரண்டுக்கும் மேலே வைத்து வெட்டுகிற அட்டை ஒன்றுதான். காக்கா ஒன்றை வெட்டியதும் அட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்ததை வெட்டுவார். ஒவ்வொரு தடவையும் எதற்குத் திருப்ப வேண்டும்? இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம்தானே, வெட்டிய துண்டையே திருப்பிக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். அட்டையைத் திருப்பாமல் மளமளவென்று நாற்பது துண்டு. காக்காவைவிட வேகம் என்று பெருமை வேறு.

வாப்பா வந்து பார்த்தார்.

"எல்லாம் எடதுல்லா! வலது எங்கட்டி?"

"திருப்பிப் போட்டா வலது, வாப்பா."

ஒரு துண்டை எடுத்துத் திருப்பி என் முகத்துக்கு நேராக நீட்டினார். பளபளப்பு உள்ளே போய்விட்டது. வெளியே சொரசொரப்பு.

"இத வச்சி பை தச்சா எவன் வாங்குவான்? படிச்ச பிள்ள செய்த வேலையப் பாரு!"

பட்டறையே சிரித்தது. அட்டைக்கு இரண்டு பக்கமும் ஒன்று, தோலுக்கு அப்படி இல்லை. இது தெரியாமலா இருபது வருடம் தோல் வாடையிலேயே வளர்ந்தேன்? ச்சே.

14 மே, புதன்

பல் தேய்க்கும்போது சட்டென்று புரிந்தது.

பரீட்சையிலும் இதையேதான் செய்திருக்கிறேன். ஸ்பிரிங் ஒரு வண்டியில்தான் இருக்கிறது! இரண்டும் கண்ணாடிப் பிம்பம் என்று எழுதிவிட்டேன். எங்கே பிம்பம்? ஒன்றின் மூக்கில் ஸ்பிரிங், மற்றதன் மூக்கு மொட்டை. இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பார்க்காமலே திருப்பிப் போட்டிருக்கிறேன்.

அப்படியானால் என் விடை எப்படிச் சரியாக வந்தது? குருட்டு அதிர்ஷ்டமா?

15 மே

இல்லை. அதிர்ஷ்டம் இல்லை. நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஸ்பிரிங் யாருடைய மூக்கில் இருந்தால் என்ன? அது இந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறதோ அந்தப் பக்கமும் அவ்வளவே தள்ளும். வினைக்குச் சமமான எதிர்வினை, எட்டாவதில் படித்ததுதான். எடையும் சமம். ஆகவே ஒன்றின் வேகம் எவ்வளவு மாறுகிறதோ மற்றதன் வேகமும் அவ்வளவே, எதிர்த்திசையில் மாறும். வண்டிகளின் தோற்றத்தில் சமச்சீர் இல்லை, அவற்றின் ஓட்டத்தில் இருக்கிறது. இந்த ஒரு வரியை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

சார் அதைக் கவனிக்கவே இல்லை. அவருடைய புகாரெல்லாம் ஸ்டெப் பற்றித்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் எட்டும் கிடைக்கலாம். சொன்னால், இதோ ஓட்டை, முட்டைதான் சரி என்று முடித்துவிடலாம்.

உம்மாவிடம் சொன்னேன். "கேக்காத ஆளுட்ட நீயா ஏன் போய்ச் சொல்லுத?" என்கிறார். நியாயம்தான். ஆனால் நான் பார்த்து எழுதினேன் என்று சொன்னவர் முன்னால் பாதியை மறைத்துக்கொண்டு நிற்பதா? மாட்டேன்.

19 மே, திங்கள்

சாரும் துணை முதல்வர் மேடமும் இருந்தார்கள். மேடம் ஹிந்தியில் விளக்கச் சொன்னார். கரும்பலகையில் ரயில் வரைந்து இரண்டு வரியையும் சொன்னேன். மேடம் தலையாட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் சார் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்:

"சார், இதுல ஒரு வரி விட்டுப்போச்சு. ஸ்பிரிங் ஒரு வண்டியிலதான் இருக்கு."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ உன் கண்ணாடி உடைஞ்சு போச்சே?"

"உடையல சார்." அந்த வரியை எழுதினேன். "விட்டதுக்கு மார்க்கக் கழிச்சுக்குங்க. ஆனா பார்த்து எழுதினேன்னு சொன்னீங்களே, பார்த்து எழுதினவளுக்கு ஓட்டை எங்கே இருக்குன்னு தெரியுமா?"

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. சாருக்குத் தெரியும். பலகையில் இருந்த வரியை என் விடைத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "சரி, போயிட்டு வாம்மா" என்றார். அவ்வளவுதான்.

20 மே

தூக்கம் இல்லை. சொன்னது தப்பா? ஒரு வருடத்தை நானே கொண்டுபோய்க் கொட்டிவிட்டேனா? இருக்கட்டும். மறுபடி அங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

27 மே, செவ்வாய்

மழை இந்த வருடம் மே மாதத்திலேயே வந்துவிட்டது. நனைந்துகொண்டே நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். எட்டுக்கு ஆறு. மொத்தம் அறுபத்தொன்று!

சந்துமுனை வரை ஓடியே வந்தேன். உம்மா கட்டிப்பிடித்து அழுதார். வாப்பா, "எல்லாம் எடதா வெட்டுன பிள்ளையா இது?" என்று பட்டறைக்கே கேட்கும்படி சத்தம் போட்டார்.

ஆனாலும் விட்டுப்போனது ஒரே வரி. அதற்கு இரண்டு மார்க் கழிப்பதா? இன்னொரு மனு எழுதலாம் என்று சொன்னேன். உம்மா கரண்டியை ஓங்கினார்.

18 ஏப்ரல் 2026, சனி

எம்.எஸ்ஸி.யின் இரண்டாவது செமஸ்டர் பரீட்சை நெருங்குகிறது. படித்துக்கொண்டிருந்தபோது ஜோயா தன் மெக்கானிக்ஸ் கேள்வித்தாளைக் கொண்டுவந்து போட்டாள். "வைத்தீஸ்வரன் சார் உன்னக் கேட்டாங்க. பரீஹா இப்போ யார்கூட சண்டை போடுறான்னு."

ஆறாவது கேள்வி அதே இரண்டு வண்டிதான். கீழே புதிதாக ஒரு வரி: எந்த முறையில் செய்தாலும், காரணம் எழுதினால் முழு மார்க்.

படத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை இரண்டு வண்டியிலும் ஸ்பிரிங் வரைந்திருக்கிறார். அச்சு அசல் கண்ணாடிப் பிம்பம், அந்த ஒரு வரியை இனி யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

ஒன்றிலேயே விட்டிருக்கலாம், சார்.