சாரலுக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

தென்காசி,
ஜூலை 1936

ஐயா அவர்களுக்கு மகள் தங்கத்தாய் வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் இருமல் தேவலையா?

விடுதியில் இப்போது எதையும் இங்கிலீஷில்தான் கேட்கவேண்டும். “‘ஹௌ டூ யூ டூ’ என்று கேட்டால் உன் தலைவலியைச் சொல்லாதே, அது மரியாதைக்குக் கேட்பது” என்று டீச்சர் சொன்னார்.

ஞாயிறன்று ஓர் அம்மாள் தம் மகனுடன் என்னைப் பார்க்க வந்தார். “ஒங்க ஐயாவுக்குத் தெரிஞ்சவங்கதாம்மா. சாரல் நல்லா விழுதேன்னு குத்தாலத்துல குளிச்சிட்டு வாரோம்” என்றார். ஆனால் அவர் கொண்டை ஈரமாகவே இல்லை, பூகூடக் கசங்கவில்லை.

மகன், “வாட் இஸ் யுவர் நேம்? ஹௌ ஓல்ட் ஆர் யூ?” என்றார். “வென் இஸ் யுவர் பர்த்டே?” என்றதும், நான் வாய் திறக்குமுன் அந்த அம்மாள், “ஏலே, பர்த்டேன்னா பொறந்த நாளா? ஆவணி உத்திரட்டாதில்லா!” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் நட்சத்திரம் அவருக்கு எப்படித் தெரியும்?

“ஏட்டி, ஒன் சாதகம் அவங்க வீட்டுலல்லா இருக்கு!” என்று என் தோழி மூக்கம்மாள் சிரிக்கிறாள்.

எந்த வகுப்பு, மேலே என்ன படிப்பாய் என்று மட்டும் அவர்கள் கேட்கவேயில்லை.

நான் பயப்படவில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவின் பழைய சேலை ஒன்று கொடுத்தனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. படிப்பு மணி அடித்துவிட்டது.

உங்களிடம் ‘ஏன்’ என்று கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால் இங்கிலீஷில் கேட்கிறேன். ஒய், ஐயா? இது மரியாதைக்குக் கேட்பதல்ல. பதில் எழுதுங்கள்.

தங்கத்தாய்